களத்துக்கு வாசிக்கத் தெரியாது

நாற்பத்தோராவது வயதில் எழுத்துப் படிப்பவனுக்கு ஒரு வியாதி வரும். கண்ணில் படுவதையெல்லாம் வாசிப்பான். சீமெந்துப் பையில் உள்ளதை, பஸ்ஸின் பின்பக்கத்தில் உள்ளதை, காவலரணில் 'இறங்கி நடக்கவும்' என்று எழுதியிருப்பதை, ஒன்றும் விடமாட்டான். எனக்கு அந்த வியாதி இருந்தது. தந்தவள் என் மனைவி பூரணி. அகதி முகாமில் எனக்கும் வேலையில்லை, அவளுக்கும் வேலையில்லை. கூடாரத்துக்கு முன்னால் மணலில் ஒரு தடியால் எழுதிக் காட்டுவாள். நானும் தடியால் எழுதுவேன். ஒவ்வொரு எழுத்தும் ஒரு தோசை அளவு வரும்.

முகாமிலிருந்து ஊருக்குத் திரும்பி மூன்றாம் வருடம் அது, தொண்ணூற்றெட்டு. எங்கள் ஊர் புளியடிக்குளம், கண்டி ரோட்டில் கப்பல்துறை என்ற இடத்திலிருந்து உள்ளே சைக்கிளில் முக்கால் மணித்தியாலம். ஏழு குடும்பம், பதினாலு ஏக்கர் வயல், ஒரு சின்னக் குளம். நான் பெயருக்குத்தான் கமக்காரன். உண்மையில் துறைமுகத்தில் நாட்டாமை வேலை, அதாவது மூட்டை தூக்குவது. ஐம்பது கிலோ மூட்டை இருபது வருடமாக ஐம்பது கிலோவாகத்தான் இருக்கிறது. என் முதுகுதான் அதை நூறு என்று சொல்லத் தொடங்கிவிட்டது.

துறைமுகத்துக்குள் போக ஒரு பாஸ் வேண்டும். என்னுடையது பங்குனி மாதம் முப்பத்தோராம் திகதியோடு முடிகிறது. புதுப்பித்தால் இன்னொரு வருடம் மூட்டை. புதுப்பிக்காவிட்டால் இரண்டு ஏக்கர் வயலை நம்பி வீட்டில் இருக்கவேண்டும். குளத்தில் தண்ணீர் நின்றால் இருக்கலாம். ஆனால் நாங்கள் முகாமில் இருந்த காலத்தில் குளக்கட்டை மாடு மிதித்து, கறையான் அரித்து, வேர் பிளந்துவிட்டது. மார்கழி மழையில் கட்டு ஒரு இடத்தில் உடைந்தது. ஒரே இரவில் குளம் காலி. தை மாதம் கதிர் பால் பிடிக்கும் நேரத்தில் பதினாலு ஏக்கரும் காய்ந்தது. அடுத்த மழைக்கு மிச்சக் கட்டும் நிற்காது என்பது எல்லோருக்கும் தெரியும்.

பாஸ் புதுப்பிக்க வதிவிடக் கடிதம் எடுக்கத்தான் மாசி மாதம் அரசாங்கக் கந்தோருக்குப் போனேன். வரிசை நீளம். பக்கத்தில் அறிவித்தல் பலகை. வியாதிக்காரன் சும்மா இருப்பானா? காணாமல்போன அடையாள அட்டை, கந்தோருக்குக் கதிரை மேசை வாங்கும் கேள்விப்பத்திரம், மலேரியா மருந்தடிப்பு எல்லாம் வாசித்து முடித்தேன். கேள்விப்பத்திரத்துக்குக் கீழே இன்னொரு கடதாசியின் நுனி தெரிந்தது. மேல்தாளைத் தூக்கிப் பார்த்தேன்.

"அண்ணை, என்னத்தைக் கிழிக்கிறீங்கள்?" என்றார் கிளாக்கர்.

"கிழிக்கேல்லை. வாசிக்கிறன்."

"அதெல்லாம் ஆரும் வாசிக்கிறேல்லை."

சிறுகுளம் மற்றும் மண் பாதுகாப்பு உதவி என்று போட்டிருந்தது. பெரும்போகத்தில் பாதிக்கு மேல் விளைச்சல் இழந்த கமக்காரர் அமைப்புகள் விண்ணப்பிக்கலாம். குளக்கட்டுத் திருத்தலாம், கட்டில் வெட்டிவேர் நடலாம், குளத்துக்கு நீர் வரும் மேட்டுக் காட்டில் மரம் நடலாம். வேலை செய்யும் ஊராருக்கு நாட்கூலி. உத்தியோகத்தர் ஒருவர் நேரில் வந்து பார்ப்பார். முடிவுத் திகதி பங்குனி பத்து.

மூன்று தரம் வாசித்தேன். பிறகு வரிசையை விட்டு வெளியே போய், ஒரு சீமெந்துப் பையின் உள்தாளைக் கேட்டு வாங்கி, முழுவதையும் பார்த்து எழுதினேன். என் எழுத்தின் அளவுக்கு ஒரு பை போதவில்லை. இரண்டு பை பிடித்தது. வதிவிடக் கடிதம் எடுக்க மறந்துபோனேன்.

ஊரில் கூட்டம் போட்டோம். எங்கள் அமைப்பின் தலைவர் வட்டவிதானையார் கனகரத்தினம். வயலுக்குத் தண்ணீர் பங்கிடுவதும், விதைக்கிற நாள், வெட்டுகிற நாள் சொல்லுவதும் அவர் பொறுப்பு. சீமெந்துப் பைகளை நிலத்தில் விரித்து நான் வாசிக்க, அவர் வெற்றிலை போட்டபடி கேட்டார்.

"தவராசா, அந்தப் பலகையில பழசுதானே ஒட்டுவாங்கள். இது எந்த வருசம்?"

"இந்த வருசம்தான் விதானையார். திகதி கிடக்கு."

"சரி, எழுதிப் போடு. நீதானே இப்ப பெரிய எழுத்தாளி. செயலாளரா இரு."

இப்படித்தான் நான் செயலாளர் ஆனேன். விண்ணப்பம் போனது. பதில் வரவில்லை. பங்குனி பிறந்தது. வெட்டிய கொஞ்சநஞ்சக் கதிர்களைக் களத்தில் சூடாக, அதாவது போராக, குவித்து வைத்திருந்தோம். மிதிக்கக் கிண்ணியாவிலிருந்து முனாப்பின் உழவு இயந்திரம் வரவேண்டும். அவருக்கு டீசலுக்கு அனுமதி கிடைத்தது ஒன்பதாம் திகதிக்கு மட்டும். ஆகவே ஒன்பதாம் திகதி சூடு பிரித்தோம்.

எங்கள் பக்கத்துக் களத்து வழக்கத்தைச் சொல்லவேண்டும். சூடு பிரித்த நேரம் தொடக்கம் கடைசி நெல்லை மூட்டையில் கட்டும்வரை களத்தில் கால் வைத்தவன் வாயில் குறைவான சொல் வரக்கூடாது. இல்லை என்று சொல்லக்கூடாது. காய்ந்தது, போதாது, முடிந்தது, ஒன்றும் கூடாது. எத்தனை மூட்டை என்று முன்கூட்டிச் சொல்லக்கூடாது. களத்தை விட்டு வெளியே போய் நின்றாலும் அன்றைக்கு அந்த வாய்க்கு விடுதலை இல்லை. எதைக் கேட்டாலும் பொலி, அதாவது நிறைவு, என்பதுதான் பேச்சு. சொன்னால் களம் கேட்டுக்கொண்டிருக்கும், கேட்டால் அப்படியே ஆக்கிவிடும் என்பார்கள். இதை நம்புகிறாயா என்று என்னைக் கேட்டால், எனக்குத் தெரியாது. ஏழு குடும்பத்தின் சோறு நிலத்தில் கிடக்கும்போது அதைப் பரீட்சித்துப் பார்க்க மனம் வராது.

இரண்டு மணிபோல ஒரு மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. இளம் பொடியன், கண்ணாடி, கையில் ஒரு கடதாசிக் கோவை. களத்து எல்லையில் எங்கள் செருப்புகள் கிடப்பதைப் பார்த்துத் தானும் கழற்றிவிட்டு வந்தார்.

"கலீலுர் றஹ்மான். கந்தோரிலிருந்து வந்தன். உங்கட குள விசயம். நாளைக்குப் பட்டியல் போகுது. எனக்கும் நாலு மணிக்குப் பிறகு கண்டி ரோட்டில காவலரணைத் தாண்ட ஏலாது. கெதியாப் பாப்பம்."

எனக்கு அப்பொழுதுதான் விளங்கியது. இவர் கேட்கப்போவது முழுவதும் குறைவைப் பற்றி. நாங்கள் நிற்பதோ களத்தில். இத்தனை நாளில் இதை ஒருவரும் யோசிக்கவில்லை.

"விதானையார் நீங்கதானே?" என்றார் அவர். "இந்தப் போகம் விளைச்சல் எப்பிடி?"

"பொலிஞ்சிருக்கு சேர்," என்றார் கனகரத்தினம்.

"நல்ல விளைச்சலா?"

"நல்ல பொலி."

அவர் பேனையைத் திறந்து படிவத்தில் எழுதினார். நான் எட்டிப் பார்த்தேன். 'விளைச்சல் சிறப்பு' என்று இருந்தது.

"குளம் உடைஞ்சதெண்டு விண்ணப்பத்தில போட்டிருக்கு."

"குளம் நிறைஞ்சிருக்கு சேர்."

அவர் திரும்பிக் குளத்தைப் பார்த்தார். நடுக்குளத்தில் ஒரு எருமை நின்றது. அதன் குளம்புகூட நனையவில்லை.

"அந்த மாடு எதில நிக்குது?"

"குளத்தில நிக்குது சேர்."

உழவு இயந்திரத்தில் இருந்தபடி முனாப் வாயைத் துவாயால் பொத்திக்கொண்டார். அவரும் வயல்காரர், வழக்கம் தெரிந்தவர். சிரித்து முடித்ததும் "பொலி, பொலி," என்று ஒத்துப் பாடினார்.

உத்தியோகத்தர் டவுனில் தையல்கடை வைத்திருந்தவரின் மகன் என்று பிறகுதான் தெரியும். துணியில் ஒரு நூல் பிசகினால் கண்டுபிடித்துவிடுவார். களத்தைப் பற்றி யாரும் அவருக்குச் சொல்லியிருக்கவில்லை. அதைச் சொல்லப்போனாலே குறைவைச் சொன்னதாகிவிடும் என்பதால் நாங்களும் சொல்லவில்லை. அவர் என் பக்கம் திரும்பினார்.

"செயலாளர் அண்ணன், நீங்க சொல்லுங்க. விளைச்சலும் நல்லம், குளமும் நிறைவு. அப்ப என்னத்துக்கு உதவி கேட்டீங்க?"

என் வாய் திறந்தது. களம் முழுக்க என்னைப் பார்த்தது. "பொலி சேர்," என்றேன். சொன்னதுமே என் முதுகு சுளீரென்று வலித்தது.

பூரணி தேத்தண்ணிக் கேத்தலோடு எல்லைக்கு வெளியே நின்றாள். பெண்கள் எங்கள் களத்தில் கால் வைப்பதில்லை. ஆகவே அவள் வாய்க்கு மட்டும் கட்டு இல்லை.

"சேர், இஞ்சால வாங்கோ," என்று கூப்பிட்டாள். "அவையளைக் கேக்காதேங்கோ. அவையள் இண்டைக்கு உண்மை சொல்ல மாட்டினம். நான் சொல்லுறன்."

"பூரணி, தேத்தண்ணி ஆறுது," என்றார் கனகரத்தினம்.

"ஆறட்டும். குளமே காஞ்சு கிடக்கு, தேத்தண்ணி ஆறினா என்ன?"

உத்தியோகத்தர் எல்லைக்குப் போனார். அவள் ஒன்றும் விடாமல் சொன்னாள். கட்டு உடைந்தது, கதிர் காய்ந்தது, களத்தில் வாய் கட்டியிருப்பது, என் முதுகுக்கு அவள் எண்ணெய் பூசுவதுவரை சொன்னாள். கடைசி விசயம் படிவத்துக்குத் தேவையில்லை. அவர் தலையாட்டியபடி திரும்பி வந்தார்.

"அக்கா சொல்றது விளங்குது. ஆனா அவ அமைப்பில இல்ல. தலைவரோ செயலாளரோ தந்த வாக்குமூலத்தைத்தான் நான் அனுப்பலாம். விதானையார், அக்கா சொன்னது பொய்யா?"

"பூரணி எப்பவும் உண்மைதான் சொல்லுவாள் சேர்."

"அப்ப குளம் நிறைஞ்சிருக்கெண்டது?"

"அதுவும் பொலி," என்றார் கனகரத்தினம். நெற்றியில் வியர்வை வழிந்தது. அவருக்கும் இரண்டரை ஏக்கர் அந்தக் குளத்தின் கீழ்தான்.

உத்தியோகத்தர் மணிக்கூட்டைப் பார்த்தார். மூன்று மணி ஐந்து நிமிடம். "வாயைக் கட்டினா நான் என்ன செய்ய?" என்று கோவையை மூடப்போனார்.

மூடும்போது படிவத்தின் கீழ்ப்பாகம் என் கண்ணில் பட்டது. கண்ணில் பட்டால் வாசிக்கத்தானே வேண்டும். 'அமைப்பின் வாக்குமூலம். தலைவர் அல்லது செயலாளர் தம் கைப்பட எழுதலாம்' என்றிருந்தது.

"சேர், அந்தப் படிவத்தையும் பேனையையும் ஒருக்காத் தாங்கோ."

வாங்கிக்கொண்டு வைக்கோலில் குந்தினேன். எல்லோரும் சுற்றி வந்து நின்றார்கள். கனகரத்தினம் குனிந்தார்.

"என்ன செய்யிறாய் தவராசா?"

"நான் வாயை மூடிக்கொண்டுதான் இருக்கிறன் விதானையார். எழுதுறன்."

அவர் நிமிர்ந்து களத்தைப் பார்த்தார். சூட்டைப் பார்த்தார். வெற்றிலையை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்கு மாற்றினார். இப்படி ஒரு விசயம் அவருடைய தகப்பன் காலத்திலும் வந்திருக்காது, ஏனென்றால் அந்தக் காலத்தில் களத்தில் எழுதத் தெரிந்தவன் ஒருவனும் நின்றிருக்கமாட்டான். நாங்கள் எல்லோரும் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம். எருமை ஒருதரம் கத்தியது.

"களத்துக்குக் காது இருக்கு," என்றார் கடைசியில். "வாசிக்கத் தெரியுமெண்டு ஆரும் சொன்னதுண்டோ? எழுது."

எழுதினேன். 'குளக்கட்டு மார்கழியில் உடைந்தது' என்ற ஒரு வசனத்துக்கே கொடுத்த இடம் நிரம்பிவிட்டது.

"அண்ணன், கொஞ்சம் சின்னதா எழுதுங்க," என்றார் உத்தியோகத்தர்.

"மணலில படிச்ச எழுத்து சேர். பெரிசாத்தான் வரும்."

தாளைத் திருப்பிப் பின்பக்கத்தில் தொடர்ந்தேன். வழமையான விளைச்சல் 240 மூட்டை என்று எழுதினேன். இந்த முறை என்ற இடத்தில் சூட்டை ஒருதரம் பார்த்து, இரக்கம் வரட்டும் என்று கொஞ்சம் குறைத்து 50 என்று எழுதினேன். மேலேயிருந்து ஒரு கை வந்து பேனையைப் பிடுங்கியது. கனகரத்தினம் என் ஐம்பதை வெட்டி 65 என்று எழுதினார். எழுதிவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தார். அந்தப் பார்வையை நான் இங்கே எழுதப்போவதில்லை.

உத்தியோகத்தருக்கு இப்போது விளையாட்டுப் பிடித்துவிட்டது. வாயைத் திறக்காமல் தானும் பேனையை வாங்கி ஓரத்தில் எழுதினார்: 'எத்தனை அடி உடைப்பு?' நான் எழுதினேன்: 'முப்பது.' அவர்: 'மரம் நட ஆட்கள் வருவார்களா?' கனகரத்தினம் பேனையை வாங்கி, பூச்சி ஊர்வதுபோல எழுதினார்: 'எல்லாரும்.' பேனை மூன்று கைக்கும் சுற்றிச் சுற்றி வந்தது. சுற்றி நின்றவர்கள் ஒவ்வொரு கேள்விக்கும் "பொலி, பொலி," என்றார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் ஏதோ பூசை நடக்கிறது என்று நினைத்திருப்பார்கள்.

உத்தியோகத்தர் தான் முதலில் எழுதிய 'விளைச்சல் சிறப்பு' என்பதை வெட்டிப் பக்கத்தில் ஒப்பமிட்டார். பிறகு பழக்கதோசத்தில் வாக்குமூலத்தைச் சரிபார்க்கச் சத்தமாக வாசிக்கத் தொடங்கினார்.

"இந்தப் போகம் அறுபத்தஞ்சு மூட்டை மட்டு..."

"பொலி," என்று பதினைந்து பேர் ஒரே குரலில் கத்தினோம். முனாப் இயந்திரத்தை ஒரு முறுக்கு முறுக்கினார். மிச்சம் என்ன வாசித்தார் என்று உத்தியோகத்தருக்கே கேட்டிருக்காது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு அவரும், "பொலி, பொலி," என்றார்.

கனகரத்தினம் தலைவர் என்று ஒப்பம் வைத்தார், நான் செயலாளர் என்று ஒப்பம் வைத்தேன். மூன்றே முக்காலுக்கு மோட்டார் சைக்கிள் தூசியைக் கிளப்பிக்கொண்டு போனது. தேத்தண்ணி ஆறித்தான் போயிருந்தது, பூரணி திரும்பச் சூடாக்கவில்லை.

பொழுது சாய நெல்லை மூட்டையில் போட்டோம். முதல் மூட்டைக்கு ஒன்று என்று சொல்வதில்லை, லாபம் என்பது வழக்கம். லாபத்தில் தொடங்கி அறுபத்தாறில் நின்றது. களம் ஒரு மூட்டை கூடத்தான் தந்தது. கனகரத்தினம் என்னைப் பார்த்தார். நான் வானத்தைப் பார்த்தேன்.

கடிதம் பங்குனி இருபத்தேழாம் திகதி வந்தது. புளியமரத்தடியில் எல்லோருக்கும் வாசித்தேன். கட்டுத் திருத்தம் சரி, வெட்டிவேர் சரி, மேட்டுக் காட்டுக்கு முந்நூறு மருதங்கன்று.

"முந்நூறு கன்றுக்கும் ஆர் தண்ணி ஊத்திறது?" என்றார் கனகரத்தினம்.

"தலைவர் எண்டு போட்டிருக்கு விதானையார்."

"எங்க, காட்டு." கடிதத்தை வாங்கிக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்து ஒவ்வொரு வரியாகப் பார்த்தார். "அப்பிடி ஒரு இடத்திலயும் இல்லை. உனக்கு எழுத்துத் தெரிஞ்சது பிழையாப் போச்சு," என்றார்.

முப்பத்தோராம் திகதி நான் துறைமுகத்துக்குப் போகவில்லை. பூரணி என் பாஸை அதன் பிளாஸ்டிக் உறையிலிருந்து எடுத்துவிட்டு, மடித்த கடிதத்தை உள்ளே வைத்தாள். மழைக்கு நனையக்கூடாதாம்.

"பாஸை என்ன செய்யப்போறாய்?"

"படத்தில வடிவா இருக்கிறீங்கள். முதுகு தெரியேல்லை. அலுமாரிக்குள்ள கிடக்கட்டும்."

வைகாசியில் கட்டு வேலை தொடங்கியது. கூடையில் மண் சுமந்தேன். மூட்டையை விட்டுவிட்டு மண் சுமக்கிறேன் என்று பூரணி பகிடி பண்ணினாள். மூட்டை ஐம்பது கிலோ, கூடை இருபத்தைந்து, பாதிக்குப் பாதி லாபம் என்றேன். களத்தில் நின்று சொன்னதுபோலப் பேசுகிறேன் என்றாள்.

ஐப்பசி மழை பதினொரு நாள் பெய்தது. பன்னிரண்டாம் நாள் உத்தியோகத்தர் வந்தார். வெட்டிவேர் பச்சை பிடித்திருந்த கட்டில் அவரும் விதானையாரும் நானும் ஏறி நின்றோம். தண்ணீர், மிஞ்சினால் வழிந்தோடும் வான்கதவுக்கு ஒரு சாண் கீழே நின்றது. நடுக்குளத்தில் எருமையின் கொம்பும் மூக்கும் மட்டும் தெரிந்தன.

"இப்ப சொல்லுங்க விதானையார்," என்றார் அவர். "குளம் எப்பிடி?"

களத்துக்கு இன்னும் நாலைந்து மாதம் இருந்தது. கனகரத்தினத்தின் வாயில் ஒரு கட்டும் இல்லை. குளத்தை இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைவரை நிதானமாகப் பார்த்தார்.

"இன்னும் ஒரு அடி வேணும் சேர்," என்றார். "இது போதாது."

உத்தியோகத்தர் சட்டைப் பையிலிருந்து பேனையை எடுத்து அவரிடம் நீட்டினார். "குறையை எழுதித் தாங்க. வாயால சொல்றதை நான் களத்துக்கே வந்து கேக்கிறன்," என்றார்.